முப்பத்திரண்டில் ஒரு பங்கு

முதல் உலகப்போரில் பறந்த எஸ்.இ.5ஏ என்னும் பிரித்தானியப் போர் விமானத்தின் இறக்கை, ஒரு நுனியிலிருந்து மறு நுனிவரை 8.11 மீட்டர் நீளமுடையது. அதனை 1:32 என்னும் அளவில் சுருக்கினால் ஏறத்தாழ 25 சென்டிமீட்டர் வரும். மாணவர் கையிலுள்ள அளவுகோலைவிடச் சற்றே குறைவு. அந்நீளத்துக்குள் ஒரு காலத்தின் பொறியியலையும் உழைப்பையும் பிழையின்றி அடக்க முனைவோர் உலகின் பல நாடுகளில் உள்ளனர். அவர்கள் உருவாக்கும் மாதிரிகள் பறப்பதில்லை. நெகிழித் துண்டுகளை வெட்டி, தேய்த்து, ஒட்டி, வண்ணம் தீட்டி, மறைந்துபோன விமானம் ஒன்றை மேசைமீது மீண்டும் கட்டுவதே அவர்களின் கலை.

விமான மாதிரிகளில் நெடுங்காலமாகப் பரவலாக இருந்து வருவது 1:72 என்னும் அளவு. அவ்வளவில் எஸ்.இ.5ஏ விமானம் உள்ளங்கையில் அடங்கிவிடும். 1:32 அளவிலோ அதன் பரப்பு ஐந்து மடங்காகிறது. உரு பெரிதானால் வேலை எளிதாகும் என்று தோன்றலாம்; உண்மை அதற்கு மாறானது. சிறிய மாதிரியில் கருவி முகப்பை ஒரு கரும்புள்ளியாக விட்டுவிடலாம். பெரிய மாதிரியில் அதற்கு முள் வேண்டும், எண் வேண்டும். இருக்கையின் தோல்வாரும், மரச் சுழல்விசிறியின் இழையோட்டமும் கண்ணுக்குத் தெரிந்தாக வேண்டும். அளவு வளர வளர, பிழை மறைவதற்கான இடம் குறைகிறது.

இத்தகைய பெரிய மாதிரிகளுக்குப் புதிய வாழ்வு தந்தது நியூசிலாந்தின் விங்நட் விங்ஸ் என்னும் நிறுவனம். பழைய விமானங்களின்மீது பேரார்வம் கொண்ட திரைப்பட இயக்குநர் பீட்டர் ஜாக்சன் அதனைத் தோற்றுவித்தார். 2009ஆம் ஆண்டு வெளிவந்த அதன் முதல் தொகுப்புகளுள் எஸ்.இ.5ஏ விமானமும் ஒன்று. பெட்டியுடன் வரும் வழிகாட்டி நூலில் அக்காலப் புகைப்படங்களும், இன்று எஞ்சியுள்ள விமானங்களின் படங்களும் இடம்பெற்றன. எனவே கட்டுபவர் முதலில் கற்பவரானார். அந்நிறுவனம் 2020இல் மூடப்பட்டது. எனினும் அதன் அச்சுகளுள் சில வேறு நிறுவனங்களின் கைக்குச் சென்று, அவற்றிலிருந்து மீண்டும் மாதிரிகள் வெளிவந்துள்ளன.

துண்டுகளை ஒன்றிணைக்கும்போது ஒரு கேள்வி இயல்பாக எழும்: ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு இறக்கைகள் எதற்கு? அதற்கான விடை பாலத்தில் இருக்கிறது. ஆக்டேவ் சனூட் என்னும் அமெரிக்கர் இருப்புப்பாதைப் பாலங்கள் அமைப்பதில் தேர்ந்தவர். 1896இல் மிதவை விமானங்களைச் சோதித்தபோது, பாலத்தின் சட்டக அமைப்பையே இறக்கைகளுக்கும் கையாண்டார். மேலும் கீழும் இரு மெல்லிய இறக்கைகள்; இடையே செங்குத்தான தாங்குதண்டுகள்; அவற்றைக் குறுக்காக இழுத்துப் பிடிக்கும் கம்பிகள். தனித்தனியே வலுவற்ற உறுப்புகள் ஒன்றையொன்று தாங்கியதால் உறுதி பிறந்தது. 1903 டிசம்பர் 17 அன்று ரைட் சகோதரர்களின் விமானம் முதன்முதலில் 12 நொடிகள் பறந்தபோதும் இவ்வமைப்பே அதனைத் தாங்கியது.

ஆகவே மாதிரி செய்வோர் மிகவும் அஞ்சும் பணியும் மிகவும் மதிக்கும் பணியும் ஒன்றே: கம்பி கட்டுதல். உண்மை விமானத்தில் ஆறு மில்லிமீட்டர் அகலமுள்ள கம்பி, 1:32 அளவில் ஒரு மில்லிமீட்டரின் ஐந்தில் ஒரு பங்கினும் குறைந்துவிடும். தலைமயிர் போன்ற மெல்லிய நூலைக் குறடால் பற்றி, ஊசிமுனைத் துளையில் நுழைத்து, தளராமல் இழுத்து ஒட்ட வேண்டும். ஒன்று தொய்ந்தாலும் முழு வடிவமும் பொய்யாகத் தோன்றும். வண்ணத்திலும் இதே கண்டிப்பு உண்டு. எஸ்.இ.5ஏ விமானத்தின் மரச்சட்டகத்தின்மேல் லினன் துணி போர்த்தப்பட்டிருந்தது. அத்துணியை இறுக்குவதற்கு ஒருவகைப் பூச்சுத் தடவினர். மேற்புறத் துணியை வெயில் அரிக்காதிருக்க அப்பூச்சில் நிறப்பொடி சேர்த்தனர். அடிப்புறம் துணியின் இயல்பான வெளிர்நிறத்திலேயே விடப்பட்டது. மாதிரியில் தீட்டப்படும் இரு நிறங்களுக்குப் பின்னால் இப்படியொரு காரணம் உண்டு.

இறுதியாக, நீரில் ஊறவைத்து ஒட்டும் படத்தாள்கள் வரும். அவற்றிலுள்ள எண்களும் குறிகளும் உண்மையில் பறந்த விமானங்களுக்கு உரியவை. ஒவ்வோர் எண்ணுக்குப் பின்னும் ஒரு விமானி இருந்தார். இதுவரை பொருளைப் பற்றியதாக இருந்த பணி, இங்கே மனிதரைப் பற்றியதாகிறது.

எஸ்.இ.5ஏ விமானத்தில் பறந்தவர்களுள் கொல்கத்தாவில் 1898இல் பிறந்த இந்திர லால் ராயும் ஒருவர். 1917 டிசம்பரில் அவரது விமானம் விழுந்து நொறுங்கியது. காயம் ஆறிய நாள்களில் அவர் விமானங்களைப் படங்களாக வரைந்தார். அவற்றுள் பல இன்றும் எஞ்சியுள்ளன. மீண்டும் களம் சென்று, 1918 ஜூலை 6 முதல் 19 வரையிலான குறுகிய காலத்தில் பத்து வான்வெற்றிகள் பெற்றார். ஜூலை 22 அன்று பிரான்சின் வானில் நிகழ்ந்த போரில் உயிர்நீத்தார். அப்போது அவருக்கு வயது 19. அவரது நூற்றாண்டான 1998இல் இந்திய அரசு அஞ்சல்தலை வெளியிட்டது.

அப்போரில் பிரித்தானியப் போர் விமானிகளுக்கு வான்குடை வழங்கப்படவில்லை. மேல் இறக்கையிலிருந்த துப்பாக்கியில் குண்டுகள் தீர்ந்தால், பறந்துகொண்டே அதனை வளைந்த தண்டவாளத்தின் வழியே கீழிழுத்து, விறைத்த கைகளால் புதிய குண்டுக்கலத்தை மாட்ட வேண்டும். இதனை நூலில் படிப்பவர் செய்தியாக அறிகிறார். அத்தண்டவாளத்தைத் தம் விரலால் பொருத்தியவரோ, இருக்கைக்கும் துப்பாக்கிக்கும் இடையிலுள்ள தொலைவைக் கண்ணால் காண்கிறார். அந்த இடுக்கத்தில் ஓர் இளைஞன் எவ்வாறு எழுந்து கைநீட்டியிருப்பான் என்று எண்ணிப் பார்க்கிறார். போரின் வீரப்புகழ் பேசுவோர் அளவைக் கூட்டிப் பேசுவதுண்டு. மாதிரி செய்பவருக்கோ கூட்டவும் உரிமையில்லை, குறைக்கவும் உரிமையில்லை.

பெரும்பாலும் இம்மாதிரிகள் விமானி அமராமலே காட்சிக்கு வைக்கப்படுகின்றன. தோல் விளிம்பிட்ட சிறு திறப்பினுள் இருக்கை இருக்கும்; வார்கள் இருபுறமும் தளர்ந்து கிடக்கும். பல மாத உழைப்பில் எல்லாவற்றையும் செய்து முடித்த கைகள், அந்த இடத்தை மட்டும் வெறுமையாக விட்டுவைக்கின்றன.