ஃபர்ஹா போட்ட சீட்டும் பெரியப்பாவின் பாஸ்போர்ட்டும்

சேமி ஃபர்ஹா அந்தச் சீட்டைப் போட்டு விலகியது சரியென்றுதான் நான் இன்றும் சொல்வேன். என் மருமகன் ஒப்புக்கொள்ளவே இல்லை. கொழும்பில் வேலை பார்ப்பவன், தீபாவளிக்கு அட்டன் வந்திருந்தான். எங்கள் வீட்டில் தீபாவளி இரவென்றால் 304 சீட்டு ஆடாமல் விடியாது. ஆட்டத்துக்கு நடுவே கைபேசியில் அந்தப் பழைய போக்கர் காட்சியைப் போட்டுக் காட்டிவிட்டு, "பாருங்க மாமா, ஜெயிக்கிற சீட்ட வச்சிக்கிட்டு பயந்து ஓடுறாரு" என்றான். அன்று தொடங்கிய வாதம் இன்னும் முடியவில்லை.

2003 மே மாதம் லாஸ் வேகஸில் நடந்த உலகப் போக்கர் தொடரின் பிரதான போட்டி அது. ஆளுக்குப் பத்தாயிரம் டாலர் கட்டி 839 பேர் இறங்கினார்கள். கடைசியில் மிஞ்சியவர்கள் இருவர். ஒருவர் லெபனானில் பிறந்த தொழில்முறை ஆட்டக்காரர் ஃபர்ஹா. மற்றவர் டென்னஸியிலிருந்து வந்த கணக்காளர் கிறிஸ் மணிமேக்கர். 'பணம் பண்ணுகிறவர்' என்று பொருள்படும் அது அவருடைய உண்மையான குடும்பப் பெயர். இணையத்தில் சிறு தொகை கட்டி ஆடிய ஒரு தகுதிச் சுற்றில் வென்று அந்த இடத்தைப் பிடித்தவர்.

இந்த ஆட்டத்தில் ஒவ்வொருவர் கையிலும் இரண்டு சீட்டு மறைவாக இருக்கும். மேசையில் ஐந்து சீட்டு எல்லோருக்கும் பொதுவாகத் திறக்கப்படும். மருமகன் காட்டிய சுற்றில் ஃபர்ஹாவிடம் இருந்தவை இஸ்பேட் ராணியும் ஒரு ஒன்பதும். மேசையில் 9, 2, 6, 8, 3. அவற்றில் ஒன்பதும் ஆறும் எட்டும் இஸ்பேட். ஆக, ஃபர்ஹாவுக்கு ஒன்பதில் ஒரு ஜோடி. மணிமேக்கரிடம் இருந்தவை இஸ்பேட் ராஜாவும் ஒரு ஏழும். இன்னொரு இஸ்பேட் வந்திருந்தால் ஒரே இனத்தில் ஐந்து சேரும் ஃபிளஷ், ஐந்தோ பத்தோ வந்திருந்தால் வரிசை. எதுவும் வரவில்லை. ஜோடிகூட இல்லாத வெறும் கை. அப்படியிருந்தும் தன்னிடம் இருந்த அத்தனை காசையும் நடுவில் தள்ளினார். ஃபர்ஹா நெடுநேரம் யோசித்தார். ஃபிளஷ் தவறிவிட்டதா என்று வாய்விட்டே கேட்டார். எதிரே முகம் அசையவில்லை. சீட்டைப் போட்டுவிட்டார். கொஞ்ச நேரத்தில் போட்டியையும் இழந்தார். மணிமேக்கருக்கு 25 இலட்சம் டாலர், ஃபர்ஹாவுக்கு 13 இலட்சம்.

மருமகனின் வாதத்தில் வலு இருக்கிறது. "இஸ்பேட் ராணி அவரு கையிலயே இருக்கு மாமா. அப்ப மத்தவருக்கு ஃபிளஷ் இருக்க வாய்ப்பு குறையுது இல்லையா?" என்பான். உண்மைதான். சந்தேகம் வந்து, அதை வாய்விட்டுக் கேட்டவர் அந்தச் சந்தேகத்தை நம்பியிருக்க வேண்டும் என்பதும் அவன் கட்சி.

நான் அவனிடம் கேட்பது வேறு. ஃபர்ஹாவுக்கு எது தெரிந்தது? மேசையில் மூன்று இஸ்பேட், வரிசை சேரக்கூடிய 6, 8, 9. நாலாவது சீட்டு விழுந்ததும் ஃபர்ஹா வைத்த பந்தயத்துக்கு மேலே ஏற்றி, கடைசிச் சீட்டில் முழுவதையும் தள்ளுகிறார் ஒரு புது ஆள். இரண்டு ஜோடி இருந்தாலே அந்த ஒன்பதுகள் தோற்கும். ஏற்றுத் தோற்றிருந்தால் ஃபர்ஹாவின் போட்டி அந்த நிமிஷமே முடிந்திருக்கும். முன்பின் தெரியாத ஒரு கணக்காளர் கெமராக்களுக்கு முன்னால் வெறுங்கையோடு இப்படிச் செய்வார் என்று எந்த அனுபவம் அவருக்குச் சொல்லியிருக்கும்?

நமக்கோ எல்லாம் தெரியும். மறைவுச் சீட்டைக் காட்டும் கெமரா முறைக்குக் காப்புரிமை பெற்றவர் ஹென்றி ஓரன்ஸ்டீன். போலந்தில் பிறந்து, நாஜி முகாம்களிலிருந்து உயிர் தப்பி, அமெரிக்காவில் விளையாட்டுப் பொருள் தயாரித்துப் பெயர் பெற்றவர். அந்தக் கெமரா வந்த பிறகுதான் போக்கர் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து பார்க்கிற ஆட்டமானது. பார்க்கிறவன் ஆடுகிறவனைவிட அதிகம் தெரிந்தவனாக ஆனதும் அதனால்தான். 304இல் துரும்பைக் கவிழ்த்து வைத்துத்தான் ஆட்டம். கேட்டவருக்கு மட்டுமே அது தெரியும். அதை அறியாமல் ஆடிப் பழகியவர்களுக்கு ஃபர்ஹாவின் நிலை விளங்க வேண்டும்.

இந்தக் காட்சியை நான் இவ்வளவு பிடித்துக்கொண்டு வாதிடுவதற்குக் காரணம் என் பெரியப்பா.

1964 ஒக்டோபர் 30ஆம் திகதி சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் நாடற்றவர்களாக்கிய எங்கள் மலையகத் தமிழ் மக்கள் அப்போது 9 இலட்சத்து 75 ஆயிரம் பேர் என்று கணக்கிட்டார்கள். 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இலங்கைக்கு. மீதி ஒன்றரை இலட்சத்தை 1974இல் ஆளுக்குப் பாதி என்று பங்கிட்டார்கள். ஒப்பந்தத்தின்படி ஒவ்வொரு குடும்பமும் ஒரு பக்கம் விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. என் அப்பா இலங்கைக்கு எழுதிப் போட்டார். பெரியப்பா இந்தியாவுக்கு. ஒரே லயத்தில் அடுத்தடுத்த காம்பராவில் இருந்தவர்கள். எழுபதுகளின் நடுவில் பெரியப்பா குடும்பம் தலைமன்னாருக்குக் கோச்சி ஏறியது. ஒப்பாரிக் கோச்சி என்றே சனங்கள் அதைச் சொன்னார்கள்.

போனதும் வந்த கடிதங்களில் கஷ்டம் மட்டுமே இருந்தது. கூடலூர்ப் பக்கம் ஒரு தோட்டத்தில் அதே கொழுந்து பறிக்கிற வேலை, அங்கேயும் சிலோன்காரர் என்ற பெயர். "அவசரப்பட்டுட்டாரு" என்றார்கள் எங்கள் வீட்டில். 1977இன் இனக்கலவரத்தில் இங்கே அடி விழுந்தது, 1983இல் மறுபடியும். "அண்ணன்தான் புத்திசாலி" என்றார் அப்பா. 1988இலும் 2003இலும் வந்த சட்டங்களால் இங்கே எஞ்சியிருந்தவர்களின் நாடற்ற நிலை முடிவுக்கு வந்தபோது பெரியப்பா மீண்டும் அவசரக்காரர் ஆனார். முடிவெடுத்தது ஒரே ஒரு தடவை. தீர்ப்பு மட்டும் விளைவுக்கு விளைவு மாறிக்கொண்டே இருந்தது. எங்கள் குடும்பத்தில் இதனால் பேச்சு நின்ற வருஷங்களும் உண்டு.

அந்தக் கெமராவை எடுத்துவிட்டுப் பார்த்தால், கோச்சி ஏறும்போது பெரியப்பா முன்னால் என்ன இருந்தது? 1973–74இன் பஞ்சம். கூப்பன் அரிசி குறைந்தது, மாவு கிடைக்கவில்லை, தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் நடந்தன. பயிர் செய்துகொள்ளச் சொந்தமாக ஒரு துண்டு நிலமும் இல்லை. தோட்டங்கள் அரசாங்கத்தின் கைக்குப் போய்க்கொண்டிருந்தன, வேலை இருக்குமா என்பது யாருக்கும் தெரியாது. கையில் ஐந்து பிள்ளைகள், ஓர் இந்தியப் பாஸ்போர்ட். இலங்கைக்கு விண்ணப்பித்தவர்கள் ஒதுக்கிய தொகையைத் தாண்டியிருந்தார்கள். அதனால் அப்பாவின் மனு நிராகரிக்கப்பட்டிருக்கவும் கூடும். 1983 வரும் என்று பெரியப்பாவுக்கு யார் சொன்னார்கள்? 2003 வரும் என்றுதான் யார் சொன்னார்கள்?

தெரிந்த சீட்டை வைத்து அவர் எடுத்த முடிவு சரி. தங்கிய அப்பாவின் முடிவும் அவருக்குத் தெரிந்த அளவில் சரி. இருவரையும் ஒருவருக்கொருவர் எதிராக நிறுத்தி நாங்கள் பேசியதுதான் நியாயமில்லாதது.

அந்த வயதுக்காரர்கள் சிலர் இன்னும் அட்டனிலும் நுவரெலியாவிலும் நீலகிரியிலும் இருக்கிறார்கள். உங்கள் வீட்டில் போனவரோ தங்கியவரோ இருந்தால், ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று கேட்காதீர்கள். அன்றைக்கு உங்களுக்கு என்னவெல்லாம் தெரிந்திருந்தது என்று கேட்டு எழுதி வையுங்கள். இந்த வருஷமே கேளுங்கள்.