காயம் ஆறும் நாட்களில்



புற்றுநோயின் பொருட்டு ஒரு மார்பகம் அகற்றப்பட்ட எங்கள் மூத்த சகோதரிக்கு, அதே வேளையில் வயிற்றுப் பகுதியின் தோலையும் கொழுப்பையும் எடுத்து மார்பைச் சீரமைக்கும் அறுவையும் செய்யப்பட்டது. புதுவை முல்லா வீதியிலுள்ள எங்கள் இல்லத்தில் வைத்து அவரைப் பேணினோம். அவருடைய இசைவுடனேயே இதனை எழுதுகிறோம்.

நலம் விசாரிக்க வந்த உறவினர் ஒருவர், இது அல்லாஹ்வின் படைப்பை மாற்றுவதாகாதா எனத் தயங்கியபடி வினவினார். அர்ஃபஜா (ரலி) அவர்களின் வரலாற்றை நினைவூட்டினோம். குலாப் போரில் மூக்கை இழந்த அவர்கள் வெள்ளியால் மூக்குச் செய்து அணிந்தார்கள். அதில் நாற்றம் எழவே, பொன்னால் செய்துகொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள். அபூதாவூதிலும் திர்மிதீயிலும் பதிவான செய்தி இது. ஆண்களுக்கு விலக்கப்பட்ட பொன்னே அங்கு அனுமதிக்கப்பட்டது. நோயால் இழந்ததை ஈடுசெய்வது வேறு; உள்ளதை அழகுக்காக மாற்றுவது வேறு.

இவ்வகை அறுவையில், இடம் மாற்றப்பட்ட தசைக்கு மார்பின் நுண்ணிய இரத்தக்குழாய்களோடு புதிய இணைப்பு தரப்படுகிறது. ஆகவே முதலிரு நாட்கள் அதன் நிறத்தையும் வெம்மையையும் செவிலியர் இடைவிடாது பார்த்துக்கொண்டேயிருந்தனர். வயிற்றுத் தையல் இழுபடாதிருக்க, வீடு திரும்பிய பின்னரும் லாத்தா பல நாட்கள் ருகூவில் இருப்பவர் போலக் குனிந்தே நடந்தார். தொழுகையை நாற்காலியில் அமர்ந்து சைகையால் நிறைவேற்றினார்.

அவரைப் பெரிதும் வாட்டியது வலியன்று. உடலோடு பொருத்தியிருந்த வடிகுழாய்களும், இரத்தநீர் சேரும் அவற்றின் குடுவைகளுமே. இவற்றைச் சுமந்துகொண்டு எப்படித் தொழுவது என்று, மதரஸாவில் ஃபிக்ஹு கற்பிக்கும் எங்களிடமே கேட்டார். ஷாஃபிஈ மத்ஹபில் இவ்வாறு கசியும் இரத்தம் உளூவை முறிப்பதில்லை. ஹனஃபீ மத்ஹபில் முறிக்கும். எனினும் கசிவு நில்லாதவர் ‘உத்ரு’ உடையவராகி, ஒவ்வொரு வக்துக்கும் ஓர் உளூச் செய்து தொழலாம். குழாயைக் கழற்றும் வரை தொழுகையை ஒத்திவைக்க இரு மத்ஹபிலும் இடமில்லை. குடுவையில் சேர்ந்த நீரை நாள்தோறும் அளந்து குறித்துவந்தோம். சிவப்பு வெளிறி மஞ்சளாவதும் அளவு குறைவதும் நல்ல அறிகுறிகள். 24 மணி நேரத்தில் 30 மில்லிலிட்டருக்குக் கீழே வந்தால் எடுப்பார்கள் என்றனர். இவ்வளவு மருத்துவருக்கு மருத்துவர் சற்று மாறும்.

அண்டை வீட்டுப் பெண்மணிகள் அன்போடு கருஞ்சீரக எண்ணெயும் உப்பு ஒத்தடமும் கொண்டுவந்தனர். இரண்டையும் தடுத்தோம். புதிய மார்பில் உணர்ச்சி இராது. சுடுவது தெரியாமல் தோல் வெந்துபோகும். ஸம்ஸம் நீரைப் பருகத் தந்தோம், காயத்தில் தெளிக்கவில்லை. (அன்பாக வருவோரை மறுப்பதற்குத் தனிப் பொறுமை வேண்டும்!)

ஒன்பதாம் நாள் வெள்ளிக்கிழமை. இஷாவுக்குப் பின் தையலோரம் சிவந்து பரவியிருப்பதைக் கண்டோம். காய்ச்சல் 101 டிகிரி ஃபாரன்ஹீட். 100.4-ஐத் தாண்டினாலே அறிவிக்க வேண்டும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். லாத்தாவோ, “திங்கட்கிழமை டாக்டரம்மா வந்துடுவாங்க, அதுவரைக்கும் பொறுத்துக்கறேன். இன்னொரு ஆம்பளைகிட்ட திறந்து காட்டணுமா?” என்று அழுதார்.

அந்த அழுகையை நாங்கள் எளிதாகக் கொள்ளவில்லை. ஹயா ஈமானின் கிளை என்று மாணவியருக்குப் போதிப்பவர்கள் நாங்கள். ஆயினும், பெண் மருத்துவர் கிடைக்காத நெருக்கடியில் ஆண் மருத்துவர் தேவையான அளவு பார்க்கலாம் என்பதும் அதே மார்க்கத்தின் சட்டமே. தொற்று முற்றினால் இடம் மாற்றிய தசையே அழியக்கூடும். புற்றுநோய்க்கான அடுத்த சிகிச்சையும் தள்ளிப்போகும். “லாத்தா, மச்சானும் கூடவே நிப்பாங்க, எழுந்திருங்க” என்று சொல்லி, அவ்விரவே அழைத்துச் சென்றோம்.

பணியிலிருந்த இளம் மருத்துவர் செவிலியரை உடன் நிறுத்தி, வேண்டிய இடத்தை மட்டும் விலக்கிப் பார்த்தார். தோலடியில் தேங்கியிருந்த நீரை ஊசியால் உறிஞ்சியெடுத்து, நுண்ணுயிர்க்கொல்லி மருந்து தொடங்கினார். மூன்றாம் நாள் சிவப்பு வடிந்தது, அல்ஹம்துலில்லாஹ். குழாய்கள் அடுத்த வாரம் எடுக்கப்பட்டன. கையைத் தோளுக்கு மேல் உயர்த்தும் பயிற்சியை இப்போது சிறுகச் சிறுகச் செய்கிறார். தக்பீருக்குக் கை இன்னும் முழுதாக எழவில்லை.