தாத்தா புல்லட்டும் 346 சிசியும்

பழைய புல்லட்டைப் பிரித்து மாட்டும் ஆசை யாருக்காவது இருந்தால் ஒரு வார்த்தை. முதலில் பார்க்க வேண்டியது பிஸ்டனையோ கார்புரேட்டரையோ இல்லை, ஆர்.சி. புக்கை. அதில் இருக்கும் இன்ஜின் நம்பரும் கிராங்க்கேஸில் குத்தியிருக்கும் நம்பரும் ஒன்றா என்று பாருங்கள். மற்ற எல்லாவற்றையும் காயலான் கடையில் தேற்றிவிடலாம். அந்த அலுமினியக் கூடு மட்டும் சொந்தமாக இருக்க வேண்டும். வேறு நம்பர் போட்ட கூட்டை மாட்டினாலும் வண்டி ஓடும்தான். ஆர்.டி.ஓ. ஆபீஸ் போனால், யார் வீட்டு வண்டியிலிருந்து கழற்றியது என்ற கேள்விக்கு நாம்தான் பதில் சொல்லணும்.

எங்கள் வீட்டில் நின்றது தாத்தாவின் 1986 மாடல் 350. 2015 வெள்ளத்தைப் பற்றிக் கடலூர்க்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மூன்று நாள் தண்ணீரில் நின்ற வண்டிக்கு அதன் பிறகு கிக்கர் இறங்கவே இல்லை. கொல்லையில் சாக்கு போர்த்திக் கிடந்தது. போன வருஷம் வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போது சித்தப்பா, எடைக்குப் போட்டுடலாம் என்றார். தாத்தா ஒன்றுமே சொல்லவில்லை. எங்கள் வீட்டில் இது அபூர்வம் :-) நான் பொங்கல் வரைக்கும் டைம் வாங்கினேன்.

சிலிண்டர் வார்ப்பிரும்பு, பிஸ்டன் அலுமினியம். உள்ளே போன தண்ணீர் ரிங்கையும் சுவரையும் சேர்த்துத் துருவால் ஒட்டிவிட்டது. பிளக் ஓட்டை வழியாக டீசல் ஊற்றி ஊற்றி வைத்து, பத்தாம் நாள் ஹெட்டைக் கழற்றி, மரக்கட்டையை வைத்துத் தட்டியபோதுதான் அசைந்தது. கீழே ஆயிலும் தண்ணீரும் கலந்து ஆறிப்போன காபி மாதிரி நின்றது. கூடு மட்டும் சேதமில்லை. நம்பரும் பளிச். எனக்கு அதுவே போதும்.

ஜி.டி. நாயுடு கோவை ஹோட்டலில் சர்வர் வேலை பார்த்துச் சேர்த்த காசில் ஒரு ரட்ஜ் மோட்டார் சைக்கிள் வாங்கி, அக்கக்காகப் பிரித்து மாட்டித்தான் மெக்கானிசம் கற்றார். பிறகு 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் பஸ் விட்டார். அவருக்குப் புதுப்பேட்டை கிடையாது. எனக்கு இருந்தது. 1955-லிருந்து சென்னையில் தயாரான வண்டி, அதுவும் பல வருஷம் பெரிதாக மாற்றாமலே செய்தது என்பதால், எந்த வருஷத்து வண்டியில் கழற்றிய சாமானும் பெரும்பாலும் இதில் உட்காரும். ஒரு ஹெட், கனெக்டிங் ராடு, டைமிங் பக்கத்துப் பல்சக்கரங்கள் எல்லாம் மூன்று தடவை அலைந்து பொறுக்கியது. விலை பேசத் தெரியாதவன் என்று என் முகத்தில் எழுதி ஒட்டியிருக்கிறது போல.

போர் போடுவதற்குச் சிதம்பரத்தில் ஒரு லேத் பட்டறை. நான் அண்ணாமலை நகரில் படிப்பதால் சிலிண்டரைக் காலேஜ் பையில் வைத்துப் பஸ்ஸில் கொண்டுபோனேன். கண்டக்டர் தூக்கிப் பார்த்துவிட்டு, "தம்பி, இதுக்கு லக்கேஜ் போடணும்" என்றார். நியாயம்தான்.

போர் 70 மில்லி, ஸ்ட்ரோக் 90. கணக்குப் போட்டால் 346 சிசி வரும். துரு போகிற வரை கடைந்ததில் போர் அரை மில்லி கூடி, இப்போது 351. கிளாஸில் எத்தனையோ தடவை எழுதின ஃபார்முலா, முதல் தடவையாகக் கையில் கனத்தது. கிராங்கை மட்டும் நான் தொடவில்லை. இரண்டு ஃப்ளைவீலையும் பிரஸ்ஸில் பிரித்து, புது புஷ் போட்டு, கோட்டம் இல்லாமல் சேர்ப்பது அனுபவம் கேட்கும் வேலை. பட்டறை அண்ணன் அதை டயல் கேஜில் பார்த்துப் பார்த்துத் தட்டிச் சரிசெய்ததை ஒரு மத்தியானம் முழுக்க நின்று பார்த்தேன்.

பொங்கலுக்கு நாலு நாள் முன்னால் மாட்டி முடித்தோம். ஆம்பியர் முள்ளை நடுவில் நிறுத்தி, டிகம்ப்ரஷனைப் பிடித்து, கிக்கரை இன்னும் கொஞ்சம் இறக்கி, விட்டு உதைக்கணும். இந்த வரிசை எங்கள் வீட்டில் தாத்தாவுக்கு மட்டும்தான் தெரியும். நாற்காலியில் உட்கார்ந்தபடியே ஒவ்வொன்றாகச் சொன்னார். பதினோராவது உதையில் பிடித்தது. சித்தப்பா கைதட்டினார். தாத்தா காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "எக்ஸாஸ்ட் டேப்பட் லூசா இருக்குடா" என்றார்.

ஆஃப் பண்ணி, ஆறவைத்து, மூடியைக் கழற்றிப் பார்த்தேன். லூசாகத்தான் இருந்தது.

இப்போது ரன்னிங்-இன். நாற்பதுக்கு மேல் போகக் கூடாது என்று உத்தரவு. ஆர்.சி. புதுப்பிக்க விண்ணப்பம் கொடுத்திருக்கிறோம். அது வரும் வரை தெருமுனை தாண்டுவதில்லை.