பாயா, பீரங்கியா?

வேண்டியிருப்பவை எட்டு, கையிலிருக்கும் காசோ ஒன்றுக்குத்தான் காணும். அப்போது ஒரு மனிதன் எதை முதலில் வாங்குகிறான் என்று கவனித்தால் அவனைப் பற்றிப் பாதி தெரிந்துவிடும். குடித்தனக்காரர் எல்லோருக்கும் பழக்கமான சங்கடம்தான் இது. கடற்கொள்ளைக்காரர்களுக்கும் இதே சங்கடம் உண்டு என்பதை நான் திருச்சுழியில் தெரிந்துகொண்டேன்.

திருச்சுழியில் கடல் ஏது என்று கேட்காதீர்கள். அந்த விருதுநகர் மாவட்டத்துக்கே கடற்கரை கிடையாது. ரமண மகரிஷி 1879-இல் பிறந்த ஊர் என்றும், திருமேனிநாதர் கோயில் உள்ள ஊர் என்றும் வெளியூர்க்காரர்கள் அறிவார்கள். உள்ளூர்க்காரர்களுக்கோ அது கரிசலும், கண்மாயும், சீமைக் கருவேலமும், வானத்தைப் பார்த்த விழிகளும்தான். குண்டாற்றில் தண்ணீர் ஓடினால் அது ஒரு செய்தி. என் அக்காள் அங்கே வாழ்க்கைப்பட்டு இருபத்திரண்டு வருஷம் ஆகிறது.

அக்காள் மகன் பிளஸ் டூ பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருந்தான். பழைய கம்ப்யூட்டர் ஒன்றில் கப்பல் ஓட்டிக்கொண்டிருந்தான். விளையாட்டின் பெயர் 'ஸிட் மேயர்ஸ் பைரேட்ஸ்'. 1987-இல் முதலில் வந்து, 2004-இல் புது மெருகோடு மறுபடி வந்ததாம். 17-ஆம் நூற்றாண்டுக் கரீபியன் கடல். நாம் ஒரு கொள்ளைக் கப்பலின் தலைவன்.

ஆட்டம் தொடங்கும்போதே ஒரு கேள்வி வருகிறது. கத்திச் சண்டை, பீரங்கி, கப்பல் செலுத்துதல், வைத்தியம், சாதுரியப் பேச்சு ஆகிய ஐந்தில் எந்தத் திறமை உனக்கு வேண்டும்? ஒன்றுதான் எடுக்கலாம். பையன் அதைத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தபோது, திண்ணையில் பருத்திக் கொட்டை பொறுக்கிக்கொண்டிருந்த அவன் அப்பத்தா தலையை நிமிர்த்தினாள்.

"வைத்தியத்தை எடுய்யா. ஆளு இருந்தாத்தானே கப்பலு!"

எனக்குச் சிரிப்பு வந்தது. பையன் சிரிக்கவில்லை. "அப்பத்தா சொல்றது சரிதான், மாமா. இதுல கேப்டனுக்கும் வயசாகும். காயம் பட்டுப் பட்டு உடம்பு தளர்ந்துரும். வைத்தியம் எடுத்தா ரொம்ப நாள் தாக்குப் பிடிக்கலாம்" என்றான்.

அதற்கப்புறம் கப்பலுக்குச் செய்யும் சீர்வரிசை. துறைமுகத்துத் தச்சனிடம் பொன்னைக் கொடுத்து ஒவ்வொன்றாக வாங்க வேண்டும். ஆட்களை அதிகம் ஏற்ற மூன்றடுக்குத் தொட்டில். வேகத்துக்குப் பருத்திப் பாய். சட்டென்று திரும்பச் செப்புத் தகடு. அடி தாங்க இரும்புச் சட்டம். குறி தப்பாத வெண்கலப் பீரங்கி. தூரம் எட்ட நயமான வெடிமருந்து. இவை தவிரச் சங்கிலிக் குண்டு, சிதறு குண்டு. ஆக எட்டு.

"பருத்தியில பாயா? பாயின்னா கோரையிலல்லய்யா முடைவாங்க!" என்றாள் அப்பத்தா.

கிழவியின் சந்தேகத்தைத் தள்ளிவிடக் கூடாது. ஐரோப்பாவிலும் வெகு காலம் கப்பல் பாய்க்குச் சணலையும் ஆளி நாரையும்தான் நம்பினார்கள். 1851-இல் 'அமெரிக்கா' என்ற பாய்க்கப்பல் இங்கிலாந்துக்குப் போய், வொயிட் தீவைச் சுற்றி நடந்த பந்தயத்தில் உள்ளூர்க் கப்பல்களையெல்லாம் முந்தியபோது, அதன் விறைப்பான பருத்திப் பாய்களைத்தான் எல்லோரும் பேசினார்கள். இதைச் சொன்னதும் அப்பத்தா தன் மடியிலிருந்த பருத்தியைப் புது மரியாதையோடு பார்த்தாள். அது கரிசல் பருத்தி இல்லை, அமெரிக்கப் பருத்தி என்பதை நான் சொல்லவில்லை.

நானாயிருந்தால் வெண்கலப் பீரங்கியைத்தான் முதலில் வாங்குவேன் என்றேன். பையன் உதட்டைப் பிதுக்கினான்.

"பீரங்கியால அடிச்சா கப்பல் முழுகிரும், மாமா. முழுகுன கப்பலை எப்படிப் பிடிக்கிறது? சங்கிலிக் குண்டு போட்டா பாய் மட்டும் கிழியும். அது ஓட முடியாம நிக்கும். நம்ம பக்கத்துல போயி ஏறிக்கலாம்."

சண்டைக் கலையின் சாரத்தை இதைவிடச் சுருக்கமாக நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. ஜெயித்தால் மட்டும் போதாது. ஜெயித்த பொருள் மிதக்கவும் வேண்டும்.

பீரங்கி மோகத்துக்குப் பலியானவர்கள் சரித்திரத்தில் உண்டு. ஸ்வீடன் ராஜா குஸ்தாவ் அடால்ஃப் 'வாஸா' என்று ஒரு போர்க்கப்பல் கட்டுவித்தார். இரண்டு தட்டு நிறையப் பீரங்கி, மொத்தம் 64. புறப்படுமுன் முப்பது ஆட்களை மேல்தட்டில் இந்த ஓரத்துக்கும் அந்த ஓரத்துக்குமாக ஓடவிட்டுப் பார்த்தார்கள். கப்பல் ஆடிய ஆட்டத்தைக் கண்டு பரீட்சையை நிறுத்தினார்கள், பயணத்தை நிறுத்தவில்லை. 1628 ஆகஸ்டு 10-ஆம் தேதி ஸ்டாக்ஹோமிலிருந்து கிளம்பிச் சுமார் 1,300 மீட்டர் போயிருக்கும். காற்று ஒரு தள்ளுத் தள்ளியது. சாய்ந்த பக்கத்துப் பீரங்கித் துவாரங்களில் தண்ணீர் புகுந்து கப்பல் முழுகிவிட்டது. அங்கே எதிரி ஒருவன்கூட இல்லை. 1961-இல் அதை வெளியே எடுத்து, அந்த ஊரிலேயே காட்சிக்கு வைத்திருக்கிறார்கள்.

நம் பக்கத்தில் குஞ்ஞாலி மரைக்காயர்களைப் பாருங்கள். 16-ஆம் நூற்றாண்டில் கோழிக்கோட்டுச் சாமூதிரியின் கடற்படைத் தலைவர்கள். பெரிய கப்பலும் பெரிய பீரங்கியும் போர்ச்சுகீசியரிடம் இருந்தன. இவர்களோ துடுப்பு வலிக்கும் சிறு கலங்களில் பாய்ந்து அடித்துவிட்டு, பெரிய கப்பல் நுழைய முடியாத ஆற்று முகத்துவாரங்களில் புகுந்துகொள்வார்கள். போர்ச்சுகீசியர் இவர்களைக் கொள்ளைக்காரர் என்றார்கள். எட்டாதவனைத் திட்டத்தானே முடியும்?

இதையெல்லாம் நான் விஸ்தாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தபோது அத்தான் வாசற்படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். அவர் மனத்தில் வேறொரு போர் நடந்துகொண்டிருந்தது.

அவருக்கும் அவர் தம்பிக்கும் பொதுவாக ஒரு கிணறு. தகப்பனார் காலத்தில் ஆளுக்கு ஒரு நாள் முறை வைத்து இறைத்தது. சென்ற வருஷம் தம்பி தன் பங்கு நிலத்தில், கிணற்றுக்குப் பக்கத்திலேயே 400 அடிக்குக் குழாய் இறக்கினார். கிணற்றில் நீர் கீழே போயிற்று. அண்ணன் தம்பி பேச்சும் நின்றது. அத்தான் 600 அடிக்கு இறக்கிப் பார்த்துவிடுவது என்றிருந்தார். அதற்கென்று அவர் தொடவிருந்த பணம், பையனைக் கல்லூரியில் சேர்க்க அக்காள் சீட்டுப் போட்டுச் சேர்த்தது. குழாய்க் கிணற்றை நாம் 'போர்' என்று சொல்வது தற்செயல்தான். ஆனால் அந்தப் பக்கத்தில் அந்தப் பெயர் கச்சிதமாகப் பொருந்துகிறது. ஒருவன் 400 என்றால் மற்றவன் 600. பாறையில் தண்ணீர் இல்லையென்றால் இருவருக்கும் வருவது வெறும் புகைதான்.

அத்தான் பையனிடம் கேட்டார்: "ஏண்டா, எதிராளி பெரிய பீரங்கி வாங்கிட்டான்னா நீ என்ன செய்வே?"

"அவனைவிடப் பெருசு வாங்க மாட்டேன்ப்பா. என் காசு அதுலயே போயிரும். அப்புறம் ஆளுக்குச் சோறு போட முடியாது."

விளையாட்டைப் பற்றித்தான் சொன்னான். அக்காள் அடுப்படியில் பாத்திரத்தை வைக்கும் சத்தம் சற்று நேரம் கேட்கவில்லை. அத்தான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போனார்.

சித்திரை மாதக் கடைசியில் அக்காள் டெலிபோனில் பேசினாள். போர் வண்டி வரவில்லை. பொதுக் கிணற்றில் ஆள் விட்டுத் தூர் வாரியிருக்கிறார்கள். செலவு இரண்டு வீட்டுக்கும் சரிபாதி. கணக்கைக் கொண்டுபோய்க் கொடுத்து வந்தவள் அப்பத்தா. ஊற்று கொஞ்சம் கண் திறந்திருக்கிறதாம். பையனுக்குக் கல்லூரிப் பணம் கட்டியாயிற்று.

"அண்ணனும் தம்பியும் பேசிக்கிறாங்களாக்கா?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் இன்னும் இல்லடா" என்றாள். "ஆனா முறை வச்சு எறைக்கிறாங்க."