பெட்டருக்கு ஒரு தேங்க்யூ!

'பெட்டர்' என்ற சொல்லுக்கு நான் பள்ளிக்கூடத்தில் படித்த அர்த்தம் ஒன்றே ஒன்றுதான். குட், பெட்டர், பெஸ்ட்! அந்த நம்பிக்கையோடு போன விடுமுறையில் துவாக்குடி பக்கம் ஒரு பட்டறைக்குப் பயிற்சிக்குப் போனேன்.

அங்கே சூப்பர்வைசர் வடநாட்டுக்காரர். அவருக்குத் தமிழ் வராது, எனக்கு இந்தி வராது. நடுவில் மாட்டிக்கொண்டது இங்கிலீஷ். முதல் நாள் லேத்தில் ஜாபை மாட்டி, சக்கை இறுக்கிவிட்டு நின்றேன். அவர் கடந்து போகும்போது ஏதோ சொன்னார். மெஷின் சத்தத்தில் என் காதில் விழுந்தது 'பெட்டர்' மட்டும். ஆஹா, பாராட்டிட்டாரு! 'தேங்க்யூ சார்' என்று பல்லைக் காட்டிவிட்டுச் சுவிட்சைப் போட்டேன்.

சக் கீ சக்கிலேயே இருந்தது.

கீ என் காதோரம் பறந்துபோய்ப் பின்னாலிருந்த இரும்பு பீரோவில் மோதியது. பீரோக் கதவு நெளிந்துவிட்டது. நாலு விரல் தள்ளி நின்றிருந்தால் இந்த மலரில் என்னைப் பற்றி வேறு யாராவது எழுதியிருப்பீர்கள்.

அவர் சொன்னது இதுதான்: 'யூட் பெட்டர் டேக் த கீ அவுட் ஃபர்ஸ்ட்.' முதல்ல கீயை எடுத்துடு, இல்லேன்னா வினைதான் என்று பொருள்.

கல்லூரி திரும்பியதும் ஆங்கில மேடத்திடம் கேட்டேன். அந்த 'ட்' தான் 'ஹேட்' என்றார். 'ஹேட் பெட்டர்' பாராட்டு அல்ல, எச்சரிக்கை. ஹேட் இருந்தும் இறந்தகாலம் கிடையாது! இதே 'ட்' ராதருக்குப் பக்கத்தில் நின்றால் 'வுட்' ஆகிவிடும்: 'ஐட் ராதர் வாக்', நடந்து போறதே மேல். 'நெவர்' வந்தால் இன்னும் வம்பு, பின்னால் வரும் வினையைப் பார்த்துத்தான் பிடிக்கணும். 'ஐட் நெவர் சீன் இட்' என்றால் ஹேட், அதுவரை பார்த்ததே இல்லை. 'ஐட் நெவர் செல் இட்' என்றால் வுட், ஒருநாளும் விற்கமாட்டேன். ஹேவ், ஹேட், வுட் எல்லாவற்றையும் முன் சொல்லோடு ஒட்டி விழுங்கிவிட்டு, ஆல்ரெடி, ஜஸ்ட், நெவர், பெட்டர் இவற்றை மட்டும் அழுத்துகிறார்கள். நமக்கு அதுதான் கேட்கிறது. ஆனால் வாக்கியக் கடைசியில் விழுங்கக்கூடாதாம். 'எஸ், ஐ ஹேவ்' உண்டு, 'எஸ், ஐவ்' கிடையாது.

"எழுதினபடி பேசினா என்னவாம்?" என்று வீட்டில் புலம்பினேன். அப்பத்தா சிரித்தது. 1991-ல் நம் மாவட்டத்து அறிவொளி இயக்கத்தில் எழுத்துக் கூட்டப் படித்தது அது. 'வந்துகொண்டிருக்கிறேன்' என்று வாசிக்கச் சொன்னபோது, "யாருப்பா இப்படிப் பேசுறா? வந்துக்கிட்டிருக்கேன்னு எழுத வேண்டியதுதானே" என்று கேட்டதாம்! யோசித்தேன். 'வந்துவிட்டேன்' என்பதில் இருக்கிற 'விடு' நம் வாயில் 'வந்துட்டேன்' ஆகும்போது என்ன மிச்சம்? ஒரு 'ட்' தானே! புதுக்கோட்டையையே புதுகை ஆக்கியவர்கள் நாம், வெள்ளைக்காரனைச் சொல்லி என்ன பண்ண?

போன வாரம் நம் ஒர்க்‌ஷாப்பில் இரண்டாம் ஆண்டுத் தம்பி ஒருவன் கீயைச் சக்கிலேயே விட்டுவிட்டுச் சுவிட்சுக்குக் கை நீட்டினான். 'யூட் பெட்...' வாய்வரைக்கும் வந்துவிட்டது. எதுக்கு வம்பு என்று, "டேய், கீயை எடுடா!" என்றே கத்திட்டேன்.