கடைமடை வரைக்கும் ஒரு புத்தகம்

ஜூன் 12

மதுராந்தகம் ஏரியைப் பற்றி எழுத உட்காரும் எவரும் ராமரைத் தாண்டிப் போக முடியாது. கரை உடையப்போகும் மழை இரவில், வில்லேந்திய இருவர் கரையில் காவல் நின்றதைக் கலெக்டர் லயோனல் பிளேஸ் துரை கண்டார் என்ற கதை இங்கே வீட்டுக்கு வீடு உண்டு. கோயிலுக்கும் ஏரி காத்த ராமர் கோயில் என்றே பெயர். பிளேஸ் 18-ஆம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில் இந்தச் சீமையின் கலெக்டராக இருந்தது ஆவணத்தில் உள்ளது. தாயார் சந்நிதியில் அவர் பெயர் பொறித்த கல்வெட்டும் இருக்கிறது. துரை கண்ட காட்சியோ ஊரார் வாய்மொழி. இரண்டையும் கலந்து எழுதினால் படிக்கச் சுவை கூடும். கதையல்லாத புத்தகத்தில் அந்தச் சுவை நமக்கு உரியதல்ல. தனித்தனிப் பத்திகளாகப் பிரித்து, ‘ஊரார் சொல்வது’ என்று ஒன்றைத் தொடங்கினேன். வாய்மொழிக்கும் கல்வெட்டுக்கும் மரியாதையில் குறை வைக்கவில்லை. எது எதுவென்று மட்டும் சொல்லிவிட்டேன்.

ஆனால் என் புத்தகம் துரையைப் பற்றியது அல்ல. மன்னனைப் பற்றியதும் அல்ல. முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) ஏரி வாரியத்தை எப்படித் தேர்ந்தெடுத்தார்கள் என்று சொல்கின்றன. அது பாடப்புத்தகம் வரை வந்துவிட்டது. மதகைத் திறந்து, வயல் வயலாகத் தண்ணீர் கட்டிய நீர்கட்டியின் பெயர் எங்கும் வரவில்லை. அவருக்காகத்தான் எழுதுகிறேன்.

ஜூலை 3

ஐந்தாம் அத்தியாயத்தை நீர்கட்டிப் பெரியவருக்கு வாசித்துக் காட்டினேன். கயிற்றுக்கட்டிலில் கண்ணை மூடிக் கேட்டார். தூங்கிவிட்டாரோ என்று நிறுத்தினால், “நிறுத்தாத டீச்சர், படி” என்றார். கூலியைப் பற்றிய இடம் வந்ததும் எழுந்து உட்கார்ந்தார். “களத்துல கதிர்க்கட்டா குடுப்பாங்க. பெரிய பண்ணையும் குடுக்கணும், கால் காணிக்காரனும் குடுக்கணும். எனக்குத்தான் நெலமே கெடையாதே. அதனாலதான் யாருக்கும் கூடக் கொறையத் தண்ணி வுடமாட்டேன்னு நம்புனாங்க.”

நிலமில்லாத ஒருவர் கையில் மதகை ஒப்படைத்ததன் காரணத்தை இவ்வளவு சுருக்கமாக எந்த அறிக்கையிலும் நான் படித்ததில்லை. அந்த நம்பிக்கைக்குப் பின்னால் இருக்கும் சாதியையும் அவர் மறைக்கவில்லை. மதகின் சாவி கையில் இருந்தும், தெருவுக்குள் வந்தால் செருப்பைக் கழற்ற வேண்டியிருந்ததைச் சொன்னார். “அதையும் எழுது” என்றார். பேரைப் போடலாமா என்று கேட்டேன். மகனையும் மருமகளையும் அழைத்துக் கலந்து பேசிவிட்டு, “எம் பேரும் போடு, எங்கப்பா பேரும் போடு” என்றார்.

அச்சுக்குப் போகும் முன்பே, சொன்னவரிடம் சொன்னதை வாசித்துக் காட்ட வேண்டும். இதைச் செய்யாத கள ஆய்வு நூல் எவ்வளவு பெரிய பல்கலைக்கழகத்திலிருந்து வந்தாலும் எனக்கு அரைகுறைதான்.

ஆகஸ்ட் 20

பதிப்பாளர் தேடல். ஓரிடத்தில் கையெழுத்துப்படியைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. “அறுபதாயிரம் கட்டிடுங்க மேடம், ஒரே மாசத்துல புக்கு. அம்பது காப்பி உங்களுக்கு” என்றார்கள். மீதிப் பிரதிகள் எங்கே விற்கும், யார் திருத்துவார்கள் என்ற கேள்விகளுக்குப் பதில் இல்லை. எழுதியவரிடமே பணம் வாங்கி லாபம் முடிந்துவிட்டால், வாசகரிடம் புத்தகத்தைக் கொண்டுபோக அவர்களுக்கு என்ன தேவை இருக்கிறது? சொந்தப் பணத்தில் அச்சிடுவது இழுக்கில்லை. அப்படிச் செய்தால் நேராக அச்சகத்துக்குப் போய், கணக்கை நம் கையில் வைத்துக்கொள்வதுதான் முறை.

கடைசியில் ஒரு சிறு பதிப்பகம் முழுவதையும் படித்துவிட்டுக் கூப்பிட்டது. டெமி அளவில் 224 பக்கம், அதாவது பதினாறு பக்க ஃபாரம் கணக்கில் 14 ஃபாரம். விலை ரூ. 280. முதலில் 300 பிரதி. முன்பு புதியவர் புத்தகம் என்றாலும் ஆயிரம், ஆயிரத்து இருநூறு என்று அடித்துவிட்டு நூலக ஆணைக்குக் காத்திருப்பார்கள். டிஜிட்டல் அச்சு வந்த பிறகு அந்தத் துணிச்சலும் தேவையில்லை, அந்தக் கடனும் தேவையில்லை.

ராயல்டி 10 சதவீதம். பிரதிக்கு 28 ரூபாய். 300-ம் விற்றால் 8,400. அலைந்த பஸ் செலவுக்கும் நகலெடுத்த செலவுக்கும் அது காணாது. புதிதாக எழுத வருகிறவர்களுக்கு இந்தக் கணக்கை மறைக்காமல் சொல்ல வேண்டும்.

ஒப்பந்தத்தை எழுத்தில் கேட்டேன், தந்தார்கள். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, உரிமையை மாற்றித் தருவது எழுத்தில் இருந்தால்தான் செல்லும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு என்றும், எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். மின்னூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு மூன்றையும் தனித்தனியாக எழுதச் சொன்னேன். பதிப்பாளர் முகம் சுளிக்கவில்லை. நல்ல மனிதர்.

அக்டோபர் 8

மெய்ப்பு வந்தது. நான் யூனிகோடில் தட்டச்சு செய்து கொடுத்தேன். பக்க வடிவமைப்பாளர் பழைய எழுத்துருவுக்கு மாற்றியிருக்கிறார். சில இடங்களில் கொம்பு ஓர் எழுத்து தள்ளி நிற்கிறது. ‘ஸ்ரீ’ வரவேண்டிய இடத்தில் கட்டம். ஊர்ப்பெயர்களைத் திரையில் பார்த்துத் திருத்த முடியாது. காகிதத்தில் எடுத்து, அடிக்கோல் வைத்து, ஒருவர் மூலத்தைப் படிக்க இன்னொருவர் மெய்ப்பைப் பார்க்க வேண்டும். தங்கை மகள் லீவு போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

சொல்லடைவு வேண்டாம், நான்கு பக்கம் மிச்சம் என்றார் பதிப்பாளர். நான் இணங்கவில்லை. தன் ஊர்ப் பெயரும் தாத்தா பெயரும் எந்தப் பக்கத்தில் இருக்கின்றன என்றுதான் ஒருவர் முதலில் தேடுவார். மதகு, கலங்கல், மடை, வாய்க்கால் பெயர்கள் அத்தனையும் அகரவரிசையில் போட்டாயிற்று. தமிழில் கதையல்லாத நூல்கள் இவ்வளவு வந்தும் பாதிக்கு மேல் சொல்லடைவு இல்லாமல் வருவது எனக்கு ஆறாத வருத்தம்.

ஐ.எஸ்.பி.என். எண் வந்துவிட்டது. டெல்லியில் உள்ள ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை அதை இலவசமாகத்தான் தருகிறது. அதற்கென்று எழுத்தாளரிடம் பணம் கேட்டால் கொடுக்கக் கூடாது.

டிசம்பர் 2

முன்பதிவு அறிவித்தோம். முகம் தெரியாதவர்களிடம் புத்தகம் வரும் முன்பே பணம் கேட்பதா என்று எனக்குத் தயக்கமாக இருந்தது. உ.வே.சாமிநாதையர் நினைவுக்கு வந்தார். 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது அவரும் வாங்குவோரிடம் முன்கூட்டியே கையொப்பம் சேர்த்துத்தானே அச்சுச் செலவைச் சமாளித்தார்! தயக்கம் போய்விட்டது. ஏரிப் பாசன ஊர்களின் வாட்ஸ்அப் குழுக்கள், என் பழைய மாணவர்கள், விவசாயிகள் சங்கம் என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதினேன். பொதுவாக அனுப்பியதற்கு வந்தது கைகூப்பும் படம்தான். ‘உங்கள் ஊர் மதகு 131-ஆம் பக்கத்தில் வருகிறது’ என்று எழுதியதற்குப் பணம் வந்தது.

ஜனவரி 17

நந்தனத்தில் சென்னைப் புத்தகக் காட்சி. 1977-இல் தொடங்கியது, இன்றைக்கும் தமிழ்ப் பதிப்புலகின் அறுவடைக்காலம் இதுதான். நாவல் வாங்குகிறவர் எழுத்தாளர் பெயரைப் பார்க்கிறார். என் போன்ற புதியவர் புத்தகத்தை எடுப்பவர் பின்னட்டையைப் படித்துவிட்டு நேராகப் பொருளடக்கத்துக்குப் போகிறார். வைக்கிறார், அல்லது வாங்குகிறார். அதனால் அத்தியாயத் தலைப்புகளில் பூடகம் கூடாது. ‘மதகு திறக்கும் முறை’ என்ற தலைப்பில் விரல் வைத்து நின்ற இளைஞர், தான் நீர்வளப் பொறியியல் படிப்பதாகச் சொன்னார். பில் போடும்வரை அவரோடு பேசிக்கொண்டிருந்தேன்.

பிப்ரவரி 22

வெளியீட்டு விழாவைச் சென்னையில் வைக்காமல் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் வைத்தது சரியான முடிவு. முதல் பிரதியை நீர்கட்டிப் பெரியவர் வாங்கினார். தனக்கு எழுத்துத் தெரியாது என்றாலும் பேத்தியிடம் கொடுத்துத் தன் பக்கத்தை அங்கேயே வாசிக்க வைத்தார். கூட்டத்தில் இருந்தவர்கள் தங்கள் பங்காளிகளுக்கும் சேர்த்து வாங்கினார்கள்.

புத்தகக் கடைகளில் மெதுவாகப் போகிறது. 35, 40 சதவீதம் கழிவு கொடுத்தும், வாரம் ஒன்றிரண்டு பிரதிதான். மதுராந்தகம் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு உரக்கடையில் பத்துப் பிரதி வைத்திருந்தோம். தீர்ந்துவிட்டது, இன்னும் கேட்கிறார்கள். பதிப்பாளர் இதற்கு முன் உரக்கடையில் புத்தகம் வைத்ததே இல்லையாம். இனி வேளாண் நூல் எல்லாவற்றையும் வைக்கப்போவதாகச் சொல்கிறார். எந்த ஏரியின் கதையை எழுதினோமோ, அந்த ஆயக்கட்டில்தான் அதன் முதல் சந்தை இருக்கிறது.

சட்டப்படி கன்னிமாரா நூலகத்துக்கும் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் போக வேண்டிய பிரதிகளைப் பதிப்பகம் அனுப்பிவிட்டது.

இரண்டாம் பதிப்புக்கு வேலை தொடங்கிவிட்டேன். செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பக்கத்து ஊர்களில் குடிமராமத்துக் கணக்கு நோட்டோ, மதகுத் தகராறில் பேசி முடித்த பஞ்சாயத்துக் காகிதமோ, நீர்கட்டிகளின் புகைப்படமோ வைத்திருப்பவர்கள் பழைய காகிதக்காரருக்குப் போட்டுவிடாதீர்கள். பதிப்பகத்துக்கு ஒரு கார்டு எழுதுங்கள். உங்கள் வீட்டுக்கே வந்து படமெடுத்துக்கொண்டு, மூலத்தை உங்களிடமே கொடுத்துவிட்டு வருகிறேன்.