‘மௌன ராகம்’: மழையும் கொலுசும் சொன்ன பதில்!

1986 ஆகஸ்ட் 15-ல் வெளியான ‘மௌன ராகம்’ என்றதும் பலருக்கும் முதலில் ஞாபகம் வருவது கார்த்திக்தான். கல்லூரி நூலகத்தில் ஒலிபெருக்கி வழியாகக் காதலைச் சொல்வது, காபி ஷாப்பில் ரேவதியின் அப்பாவையே பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கலாட்டா செய்வது... இன்றைக்கும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ஓடுகிற காட்சிகள்.

ஆனால், உத்திரமேரூர் பக்கம் சாலவாக்கத்தில் இருக்கும் ஓர் அம்மாவுக்குப் பிடித்தவை வேறு இரண்டு. இரண்டும் சில நொடிகள்தான்.

முதலாவது, பெண் பார்க்கும் நாள். மாப்பிள்ளை வீட்டார் கிளம்பிப் போயிருப்பார்கள் என்று நம்பி, வேண்டுமென்றே மழையில் ஆட்டம் போட்டுவிட்டுத் தாமதமாக வீட்டுக்கு வருகிறாள் திவ்யா. மோகன் இன்னும் காத்திருக்கிறார்! எல்லோரும் ரசிப்பது மழையில் அவள் போடும் குதியாட்டத்தை. இந்த அம்மா பார்ப்பதோ, நனைந்து வந்து நிற்கும் திவ்யாவின் முகத்தை. “அந்த மழைதான் அவளோட ‘வேணாம்’. வீட்ல யாருக்கும் காதுல விழல” என்பார்.

பிறகு அப்பாவுக்கு நெஞ்சுவலி. அம்மா கெஞ்ச, கல்யாணம் நடந்துவிடுகிறது. டெல்லியில் ‘உனக்கு என்ன பரிசு வேண்டும்?’ என்று கணவர் கேட்க, அவள் விவாகரத்து கேட்கிறாள். வக்கீலோ ஒரு வருஷம் காத்திருக்கச் சொல்கிறார். இது சினிமாவுக்காகச் சேர்த்த விதி அல்ல. கல்யாணமாகி ஓராண்டு ஆவதற்குள் பொதுவாக விவாகரத்து மனு போட முடியாது என்று 1955-ம் ஆண்டு இந்து திருமணச் சட்டமே சொல்கிறது. அந்த ஒரு வருஷக் காத்திருப்புதான் மீதிப் படம்.

இரண்டாவது காட்சி அங்கேதான் வருகிறது. முன்பு அவர் வாங்கித் தந்தபோது வேண்டாம் என்று ஒதுக்கிய கொலுசை, ஒருநாள் தானாகவே எடுத்துப் போட்டுக்கொள்கிறாள் திவ்யா. அது அவளுடைய ‘சரி’. இப்போது அவருக்குக் கேட்கவில்லை. அல்லது கேட்டும் நம்பத் துணிவில்லை. கடுமையாகப் பேசி, சென்னைக்கே போகச் சொல்லிவிடுகிறார். ரயில் நிலையத்தில் அவள் மனசைக் கொட்டி, விவாகரத்துப் பத்திரத்தைக் கிழித்த பிறகுதான் அவருக்கு உறைக்கிறது.

மணிரத்னம் இதை முதலில் ‘திவ்யா’ என்ற சிறுகதையாகத்தான் எழுதினார். கார்த்திக் பகுதி பின்னால் சேர்ந்தது. மழைக்கும் கொலுசுக்கும் நடுவே தவிக்கிற ஒரு பெண்தான் கதையே.

போன வருஷம் இந்த அம்மாவின் மகளுக்கு ஒரு வரன் வந்தது. மகள் ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை. ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருவதாக ஏற்பாடு. சனிக்கிழமை ராத்திரி, “நாளைக்கு ஓவர்டைம் இருக்கும்மா” என்றாள் மகள், தட்டைப் பார்த்தபடி. கம்பெனி பஸ் சாயந்திரம்தான் திரும்பும்.

அம்மாவுக்குச் சட்டென்று மழை ஞாபகம் வந்தது.

மகள் தூங்கப் போனதும் கணவரிடம் சொன்னார். “ஏங்க, அவளுக்கு இஷ்டமில்லைங்க. வாயைத் திறந்து சொல்லல, அவ்ளோதான்.”

“ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போன வாரமே தரகருக்கு போன் போட்டிருப்பேனே...”

“நீங்க கேட்டீங்களா?”

அப்பா பதில் பேசவில்லை. நல்லவேளை, நெஞ்சையும் பிடித்துக்கொள்ளவில்லை! கொஞ்ச நேரம் திண்ணையில் உட்கார்ந்திருந்துவிட்டு, போனை எடுத்துக்கொண்டு தெருவுக்குப் போனார். சொந்தக்காரர்கள் ஒரு மாதம் முணுமுணுத்தார்கள். அதையும் அவரே வாங்கிக்கொண்டார்.

தை மாதம் அடுத்த வரன் வந்தது. ஜாதகத்தைப் பிரிப்பதற்கு முன்னால் அப்பா மகளைக் கூப்பிட்டு, பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். “நீ சொல்லும்மா” என்றார்.